நான் படிக்காத கண்ணீர் அஞ்சலி

காப்பகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்கும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவளிடம் கேட்டால் சாதனைப் பட்டியல் வரும் என்று நினைத்திருப்பீர்கள். என் சாதனைகளை அலமாரியைத் திறந்து நீங்களே பார்த்துக்கொள்ளலாம். துறைமுகத்து வேலைநிறுத்த நோட்டீஸ்கள், மீனவர் சங்கத் துண்டறிக்கைகள், குடிசைகளைக் காலி செய்யச் சொன்னபோது ஒட்டிய சுவரொட்டிகள், தீண்டாமைக்கு எதிரான கூட்டங்களின் அழைப்புகள், எல்லாம் எண் போட்டு, உறை போட்டு இருக்கின்றன. அலமாரியில் இல்லாத ஒரு காகிதத்தைப் பற்றித்தான் நான் எழுதப் போகிறேன். அதைப் பற்றி உங்களுக்கு வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

கிழிந்த நோட்டீஸில் நான் செல்லோடேப் ஒட்டிய கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் செய்தது. அந்த மஞ்சள் கோடுகளைக் காட்டி எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள், நானும் சேர்ந்து சிரிப்பேன். அது சிரிக்கக்கூடிய தவறு.

சிரிக்க முடியாத தவறுக்கு வரும் முன், என் தலைக்கனம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் இருக்கும். ஒரு நாள் மத்தியானம் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நம் மாடிப்படி ஏறி வந்தார். ராயபுரத்தில் அவரைத் தெரியாதவர் இல்லை. ஒரு காலத்தில் குடிசைகளை இடிக்க வந்த வண்டிக்கு முன்னால் படுத்தவர். அந்த நாளில் அவர் எழுதி அச்சடித்த நோட்டீஸ் ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதில் யாரையெல்லாம் திட்டியிருந்தாரோ அவர்களோடு இப்போது ஒரே மேடையில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, நம்ம பழைய நோட்டீசு ஒண்ணு இங்க கீதாமே?"

"இருக்குது சார். பார்க்கறீங்களா?"

"பாக்கறதுக்கு இல்லம்மா. எட்த்துகினு போலாம்னு வந்தேன். நான் எய்தனதுதானே, எனக்கு பாத்தியத இல்லியா?"

நான் அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் வைத்தேன். "என்ன காரணத்துக்காக எடுத்துட்டுப் போறீங்கன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். நோட்டீஸ் இருந்த உறையில அதை வெச்சிடறோம்" என்றேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ பேஜாரான பொம்பளம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு மாதம் இந்தக் கதையை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. எது ஆவணம், எது குப்பை என்பதை எனக்கு யார் கற்றுக்கொடுப்பது என்ற நினைப்பு. பெரிய மனிதருக்கு வளையாதவள் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் நிதி தருவதாகச் சொன்ன ஓர் அறக்கட்டளை நம் காப்பகத்தைப் பார்க்க ஆள் அனுப்புவதாக எழுதியது. நான்கு நாள்தான் அவகாசம். மழைக்காலம். கூரை ஒழுகி, ஒரு மூலையில் அலுமினியத் தேக்சா வைத்திருந்தோம். ஜன்னல் ஓரத்தில் 'இதர' என்று எழுதிய சாக்கு ஒன்று இடுப்பளவு உயரத்துக்கு நின்றது. மக்கள் கொண்டுவந்து கொடுத்ததில் எந்த வகையிலும் சேராதவை எல்லாம் அதற்குள் போயிருந்தன. வருகிறவர்கள் முதலில் அந்தச் சாக்கைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குப் பட்டது.

அவர்களிடம் காட்ட ஒரு கொள்கை வேண்டும் என்று 'சேகரிப்பு வரம்பு' என்ற தலைப்பில் மூன்று பக்கம் எழுதினேன். எழுதியதும் நானே, ஒப்புதல் வாங்கியதும் நானே. போராட்டம், சங்கம், மாநாடு சார்ந்த அச்சு மட்டுமே சேகரிக்கப்படும். பிறப்பு, இறப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு போன்ற தனிப்பட்ட அறிவிப்புகள் வரம்புக்குள் வராது. நல்ல தமிழில், ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தேன்.

பிறகு சாக்கைக் கவிழ்த்தேன். இரண்டு மணி நேரம். கையில் எடுப்பேன், எந்த வகை என்று பார்ப்பேன், போடுவேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்றால் தலைப்பைப் பார்த்ததுமே வலது பக்கம் போய்விடும். வடசென்னையில் செத்தவருக்குப் போஸ்டர் ஒட்டாத தெரு உண்டா, அதையெல்லாம் வைக்க நமக்கு இடமா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போட்டேன். வலது பக்கத்தில் சேர்ந்ததைப் பழைய பேப்பர்காரர் வந்து கட்டி எடுத்துப்போனார். வரவுப் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்பு மையில், 'வரம்புக்குள் வராது. நீக்கப்பட்டது' என்று எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போட்டேன். வந்தவர்கள் அறையைப் பார்த்துப் பாராட்டினார்கள். கூரை ஒழுகாமல் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களே, அது அந்தப் பாராட்டில் வந்ததுதான்.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலையில் கன்னியம்மா வந்தார். கூட ஒன்பது வயது மகள், பள்ளிச் சீருடையில். எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்டவர்களுக்கான அடுக்குமாடியில் இருக்கிறோம் என்றார். எனக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, மூன்று பக்கம் தைத்த உறை. அதற்குள்ளிருந்து ஒரு ரசீதை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

நம் ரசீது. 'கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பெறப்பட்டது. பாதுகாக்கப்படும்.' கீழே என் கையெழுத்து. ஒரு மடிப்புகூட விழாமல் இருந்தது.

"மேடம், அத்த வாங்கிகினு போலாம்னு வந்தோம். ஆபீசுல கேக்கறாங்க" என்றார்.

விஷயம் இதுதான். கன்னியம்மாவின் கணவர் தனசேகர், எர்ணாவூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை செய்தார். அடையாள அட்டை கிடையாது, சம்பளப் பட்டியலில் பெயர் கிடையாது. காலையில் மூன்றாவது கேட் முன்னால் மேஸ்திரி ஆள் எண்ணி உள்ளே அனுப்புவார், அவ்வளவுதான். ஒரு நாள் கழிவுத் தொட்டிக்குள் இறக்கினார்கள். உள்ளே விஷவாயு. தனசேகர் ஏறி வரவில்லை. உடன் வேலை செய்த எட்டுப் பேர் தூக்கி வெளியே போட்டார்கள். அவர்களைக் கேட்டுக்கு வெளியே அனுப்பிவிட்டு, காண்ட்ராக்டரின் ஆட்கள் உடம்பைக் கொண்டுபோய்ப் பின்சுவரை ஒட்டிய இன்னொரு தொட்டி ஓரம் கிடத்தியிருக்கிறார்கள். காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்தபடி போலீஸ் காகிதத்தில் ஏறியது இது: இரும்பு திருடச் சுவர் ஏறிக் குதித்தவர், தவறித் தொட்டியில் விழுந்து இறந்தார்.

அந்த எட்டுப் பேரும் மறுநாளே காசு போட்டுப் போஸ்டர் அடித்தார்கள். மேலே தனசேகரின் படம். கீழே, மூன்றாவது கேட் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள் என்று போட்டு எட்டுப் பெயர். துக்கத்தில் இருந்தவர்களுக்குப் பயம் வரவில்லை. அடுத்த வாரம் காண்ட்ராக்டரின் ஆட்கள் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசிய பிறகு வந்தது. இரண்டு பேர் ஊரைவிட்டே போனார்கள். மற்றவர்கள் தனசேகரா, யார் அது என்றார்கள். போஸ்டர் அடித்த சின்ன அச்சகம் மூடிப்போய், மெஷின் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்கு எடைக்குப் போயிருந்தது. அப்போது கையில் கேமரா போன் வைத்திருந்தவர்களும் அதிகம் இல்லை.

கால்வாய் ஓரத்துக் குடிசையிலிருந்து எர்ணாவூருக்கு அனுப்பியபோது, சாமான் தூக்குவதில் தொலைந்துவிடும் என்று பயந்து, யாரோ சங்கத்துப் பெண் சொல்லித்தான் கன்னியம்மா தன்னிடம் இருந்த ஒரே போஸ்டரை நம்மிடம் கொடுத்திருக்கிறார். இப்போது எத்தனையோ மனுவுக்குப் பிறகு, தனசேகர் தொழிலாளியா இல்லையா என்று விசாரிக்க ஓர் அதிகாரியைப் போட்டிருந்தார்கள். விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது.

"பள்ளிக்கூடத்துல பசங்க எம்பொண்ண இரும்புத் திருடன் பொண்ணுன்னு கூப்பிட்றானுங்க மேடம். அந்த ஒரு பேரு போனா போதும். எனுக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

நான் பதிவேட்டை எடுத்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அவர் பெயர், கட்டைவிரல் ரேகை, எதிரே என் சிவப்பு மை. படிக்கத் தெரியாத அவர் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டு, "பத்திரமா எய்தி வெச்சிருக்கீங்க" என்றார். அது 'நீக்கப்பட்டது' என்கிற வரி என்று சொன்னேன். சொல்லாமல் இருக்க வழியே இல்லை, அதனால் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. ரசீதை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டு, "வேற காப்பி இல்லியா?" என்று கேட்டார். போஸ்டரை நாம்தான் அச்சடித்தோம் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குத் தோன்றிய ஒரே வழி பசை மணி. வால்டாக்ஸ் ரோட்டிலிருந்து எண்ணூர் வரை சுவர்களில் போஸ்டர் ஒட்டியவர் அவர். மைதா மாவைக் காய்ச்சிக் காய்ச்சி விரல் நகமெல்லாம் வெள்ளையாகவே இருக்கும். நம் காப்பகத்தில் இருக்கும் பாதிச் சுவரொட்டிகள் அவர் ஒட்டாமல் மிச்சம் வைத்துக் கொடுத்தவை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாபகம் கீதும்மா. எட்டுப் பேரு அய்துகினே வந்து எங்கிட்ட ஒரு வாளி பசை வாங்கினு போனானுங்க. நான் ஒட்டித் தரேன் நைனான்னு சொன்னேன். வேணாம், எங்க ஆளு, நாங்களே ஒட்றோம்னானுங்க. கம்பெனி பஸ் ஸ்டாப்பாண்ட நீட்டுச் சொவுரு கீதே, அங்கதான். ஆனா ஒண்ணு. ஒட்டத் தெரியாதவனுங்க. ரொம்பக் கீய ஒட்டிட்டானுங்க."

அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. தொழில் தெரிந்தவர் ஏணி போட்டுக் கை எட்டாத உயரத்தில் ஒட்டுவார். இவர்கள் முகத்துக்கு நேராக ஒட்டியிருந்தார்கள். வேலைக்குப் போகிறவன் நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் காலை அந்தச் சுவருக்குப் போனோம். வருடக்கணக்கில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டியதில் போஸ்டர்கள் பலகை போல் தடித்திருந்தன. மணி கையால் தட்டிக்கொண்டே நடந்தார். ஓர் இடத்தில் நின்று, இங்கேதான் என்றார். பட்டிக் கத்தியைச் சொருகி, ஈரச் சாக்கால் ஒற்றி ஒற்றி, அந்தத் தடிமனை ஒரே துண்டாகப் பெயர்த்தோம். கம்பெனி வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டார். "புதுப் படம் வருதுபா, சொவுரு கிளீன் பண்றோம்" என்றார் மணி. ஆட்டோவில் படுக்க வைத்து ராயபுரத்துக்குக் கொண்டுவந்தோம்.

துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர். ஊறவைத்து உரிக்கும் விதத்தை நீங்கள் பயிற்சியில் படிப்பீர்கள், அதை விட்டுவிடுகிறேன். அவசரப்படாமல் இருப்பதுதான் அன்றைக்கு என் பெரிய வேலை. மூன்று நாள் ஆனது. கடைசி நாள் கன்னியம்மாவும் மகளும் வந்து டப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். ஒவ்வோர் அடுக்காக வர வர, அந்தப் பெண் குழந்தை எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தது. செல்போன் ரீசார்ஜ். காதணி விழா. வெற்றி வேட்பாளர். சுவிசேஷக் கூட்டம். மறுபடி ஒரு காதணி விழா. தாய்க்குப் படிக்கத் தெரியாததால் எதைப் பார்த்தாலும் வாய்விட்டுப் படிக்கிற பழக்கம் அதற்கு.

அடுத்த அடுக்கைத் தூக்கியபோது அது படிக்கவில்லை. "அப்பா" என்றது.

தனசேகரின் முகம். கம்ப்யூட்டரில் அவருக்கு யாருடைய கோட்டோ மாட்டிவிட்டிருந்தார்கள், நீல நிறக் கோட். ஒரு மூலையில் கண்ணீர் விடும் கண், இன்னொரு மூலையில் ரோஜாப்பூ. மேலே கண்ணீர் அஞ்சலி. படத்துக்குக் கீழே பெயர். அதற்கும் கீழே காகிதமே இல்லை. சுவரின் கால்மாட்டிலிருந்து இடுப்பளவுக்குச் சாக்கடை ஈரம் ஏறி, ஆடு மாடு உரசி, அந்தப் பகுதி முழுக்கக் கூழாகிப் போயிருந்தது. மூன்றாவது கேட்டும் எட்டுப் பெயரும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

"கீய படி கண்ணு, கீய கீது பாரு" என்றார் கன்னியம்மா.

"கீழ ஒண்ணுமில்லம்மா."

மணி வராந்தாவுக்குப் போய் பீடி பற்ற வைத்தார். எனக்கு அழுகை வந்தது, அவர்கள் முன்னால் அழ எனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டேன். கன்னியம்மா ஈரக் காகிதத்தின் நெற்றியில் ஒரு விரலை வைத்து எடுத்தார். பிறகு என்னிடம், "பாதியாச்சும் கெட்ச்சிச்சே யக்கா" என்றார். அதுவரை மேடம் என்றவர் அப்போதுதான் அக்கா என்றார். நான் அதற்கு லாயக்கில்லாதவள்.

விசாரணைக்கு முந்தைய நாள், அவர்களுக்காக வந்த வக்கீல் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஒரு பைசா வாங்காமல் வாதாடியவர். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். "போஸ்டர் வந்தது உங்க பதிவேட்டுல இருக்கு. மேல்பாதி கையில இருக்கு. கீழ்ப்பாதியில என்ன இருந்ததுன்னு படிச்சவங்க ஒருத்தர் சொன்னா போதும். அதைக் கையில வாங்கின, எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான். படிச்சேன், மூணாவது கேட்னு இருந்ததுன்னு சொல்லுங்க. அது உண்மையும்தானே. இல்லைன்னு காட்ட அவங்ககிட்ட ஒரு காப்பியும் கிடையாது."

இளையவர்களே, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் சொல்கிறேன். நம் அறையில் இருக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் பின்னால் நம் வார்த்தை ஒன்றுதான் நிற்கிறது. இது உண்மையானது, இன்ன தேதியில் இன்னாரிடமிருந்து வந்தது என்று நாம் சொல்வதால்தான் உலகம் நம்புகிறது. அங்கே நான் ஒரு பொய் சொல்லி மாட்டிக்கொண்டால், நாளைக்கு எந்தச் சங்கம், எந்தச் சேரி நம் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனாலும், அந்தப் பொம்பள கொடுத்ததா என்பார்கள். இது ஒரு காரணம். கூண்டில் நின்று பொய் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது, இதுவும் காரணம். எது எவ்வளவு என்று இன்றுவரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அறையில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. காண்ட்ராக்டரின் வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார். போஸ்டரைப் பெற்றீர்களா. பெற்றேன். படத்தில் என்ன நிறக் கோட் என்று, டப்பில் உரிப்பதற்கு முன்பே உங்களுக்கு நினைவிருந்ததா. இருந்தது, நீலம். ரோஜாப்பூ நினைவிருந்ததா. இருந்தது. அப்படியானால் கீழே என்ன அச்சிட்டிருந்தது என்று சொல்லுங்கள்.

கன்னியம்மா எதிர் பெஞ்சில் மகளை மடியோடு அணைத்து உட்கார்ந்திருந்தார். அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கவில்லை" என்றேன்.

"நினைவில்லையா, படிக்கவில்லையா?"

"படிக்கவில்லை. வாங்கும்போது படத்தைப் பார்த்தேன். நீக்கும்போது தலைப்பைப் பார்த்தேன். இரண்டு தடவையும் படிக்கவில்லை."

அதிகாரி எழுதிக்கொண்டார். அதற்குமேல் கேட்க அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

வெளியே படிக்கட்டில் கன்னியம்மா எனக்காகக் காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுதான் அவரிடம் போனேன். அவர் மெதுவாகத்தான் பேசினார். "நான் பட்ச்சிருந்தா ஒரு தபா பாத்தே மனசுல வெச்சினு இருப்பேன் யக்கா. பட்ச்சவங்களே படிக்கலன்னா நான் இன்னா பண்றது?" பதிலுக்கு அவர் நிற்கவில்லை. மகளை இட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.

போதிய ஆதாரம் இல்லை என்று உத்தரவு வந்தது. போலீஸ் காகிதத்தில் இருந்த வரி அப்படியே இருந்தது. என் மூன்று பக்கக் கொள்கையை அந்த வாரமே கிழித்தேன். அதனால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அன்றிலிருந்து வாங்குகிற எதையும், கொடுக்கிறவர் எதிரே, முதல் எழுத்திலிருந்து அச்சகத்தின் பெயர் வரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் ரசீது எழுதுவது என்று ஆக்கினேன். இதை நீங்கள் நேர விரயம் என்கிறீர்களாம். ஸ்கேனரில் போட்டால் எல்லாம் பதிவாகிவிடுமே என்று உங்களில் ஒருவர் கேட்டதும் என் காதுக்கு வந்தது. பதிவாகும். ஆனால் எதை ஸ்கேனரில் போடுவது என்று நீங்கள்தானே முடிவு செய்யப் போகிறீர்கள். அன்றைக்கு என்னிடம் ஸ்கேனர் இருந்திருந்தாலும் அந்தப் போஸ்டரை அதில் போட்டிருக்க மாட்டேன்.

வரவுப் பதிவேட்டில் அந்தப் பக்கம் அப்படியே இருக்கிறது. சுத்தமாகப் படி எடுக்கிறேன் என்று யாராவது கிளம்பினால், அந்தச் சிவப்பு வரியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

போன வருடம், நான் ஓய்வு பெறுவதற்குப் பத்து நாள் இருந்தபோது, ஓர் இளம்பெண் மாடியேறி வந்தார். கழுத்தில் ஆஸ்பத்திரி லேப் அட்டை தொங்கியது. கையில் சுருட்டிய காகிதம். என்னைப் பார்த்ததும் நின்றார். கண்களை வைத்துத்தான் கன்னியம்மாவின் மகள் என்று எனக்குத் தெரிந்தது.

"அம்மா போயிடுச்சு ஆன்ட்டி. மூச்சு முட்டல். பதினாறு நாள் ஆச்சு" என்றார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"போஸ்டர்ல இன்னா போடணும்னு அம்மா முன்னாடியே சொல்லி வெச்சிருந்துச்சு. ஒரு எழுத்து மாத்தக் கூடாதுன்னுச்சு. உங்ககிட்ட ஒண்ணு குடுக்கணும்னு சொல்லுச்சு. அவங்க படிச்சிட்டு வாங்கட்டும்னுச்சு."

காகிதத்தை மேஜையில் விரித்தேன். நான்கு மூலைக்கும் நான்கு புத்தகம் வைத்தேன். எழுந்து நின்று படித்தேன். "கண்ணீர் அஞ்சலி. திருமதி கன்னியம்மா. மூன்றாவது கேட் காண்ட்ராக்ட் தொழிலாளி, அமரர் தனசேகர் அவர்களின் மனைவி." அந்த வரியில் நிறுத்தினேன். மறுபடி முதலிலிருந்து படித்தேன். தேதி, மகளின் பெயர், எர்ணாவூர் பிளாக் எண், கடைசியில் அச்சகத்தின் பெயர், போன் நம்பர் வரை படித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"எங்க ஒட்டினீங்க?" என்றேன்.

"அந்தச் சொவுத்துலதான். மணி அண்ணன் ஏணி போட்டு மேல ஒட்டிக் குடுத்தாரு."

அவர் கைப்பையைத் திறந்தார். பிறகு, "ரசீது தருவீங்களா?" என்று கேட்டார்.

எழுதினேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்று பெறப்பட்டது, பாதுகாக்கப்படும். அதற்குக் கீழே, படித்துப் பார்த்துப் பெறப்பட்டது என்று சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதுதான் அந்த வேலையில் நான் எழுதிய கடைசி ரசீது. போஸ்டர் நான்காவது அலமாரியில், தனசேகரின் பாதிப் போஸ்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாளைக்கே எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

அந்தப் பெண் ரசீதை வாங்கி, கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். பால் பாக்கெட்டைக் கழுவி, மூன்று பக்கம் தைத்த அதே உறை. என் பழைய ரசீது இன்னும் அதற்குள் இருந்தது. புதியதை அதன்மேல் வைத்து, மடிப்பு விழாமல் மூடிக்கொண்டு, படியிறங்கிப் போனார்.